உப்புக்காற்றின் மேல் போட்ட பழி

புத்தளக் கரையில் எது பழுதானாலும் பழி உப்புக்காற்றுக்குத்தான். ஃபேன் நின்றால் உப்பு, ரேடியோ கரகரத்தால் உப்பு. மதுரங்குளிச் சந்தியில் கணினி திருத்தும் கடை வைத்திருந்த பஸ்தியான் அந்தப் பழியிலேயே வயிறு வளர்த்த மனுசன். மடிக்கணினித் திரை இருண்டுவிட்டதென்று யார் வந்தாலும், உப்புப் பிடித்துவிட்டது, புதுத் திரை போடவேண்டும் என்பான்.

அவனிடம் வேலைக்கு இருந்தவள் சுஜீவா. போரில் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம். தன் கைவேலையை நம்பித்தான் தலைநிமிர்ந்து நடந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் மர்ஸூக் மாஸ்டரின் மடிக்கணினிக்கு அவள்தான் புதுத் திரை பொருத்தினாள். மூன்றாம் நாள் அது மறுபடி இருண்டது. உப்பென்றால் எப்போதும் இருண்டல்லவா கிடக்கவேண்டும், இது மூடித் திறந்தால் மட்டும்தான் இருள்கிறது, கோளாறு மென்பொருளில் என்றாள் அவள். பஸ்தியானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடைவாசலில், ஓட்டோக்காரர் எல்லாரும் பார்க்க, "கை விளங்காதவளை வேலைக்கு வச்சது என்ட பிழை" என்று துரத்திவிட்டான்.

பிறகு ஊரில் ஒருத்தரும் அவளிடம் ஒரு சார்ஜரைக்கூடத் திருத்தக் கொடுக்கவில்லை. வயிறு எரிந்தது அவளுக்கு. இவனைச் சும்மா விடுகிறேனா பார் என்று, மாஸ்டருடையதைப் போன்ற அதே ரக மடிக்கணினி ஒன்றைப் பழசாக வாங்கினாள். ஐந்து மாதம் மூடினாள், திறந்தாள், யாரும் படிக்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் விட்டிருந்த, திரையை இயக்கும் மென்பொருளை வரிவரியாகப் படித்தாள். அலுப்பு வரும்போதெல்லாம் பஸ்தியானின் மூஞ்சியை நினைத்துக்கொள்வாள், அலுப்புப் பறந்துவிடும். கடைசியில் பிடிபட்டது. கணினி தூக்கத்திலிருந்து எழும்போது, திரை தயாராகுமுன்னரே வெளிச்சம் போடு என்ற கட்டளை போய்விடுகிறது. திரை அதைக் கேட்பதேயில்லை. கொஞ்சம் பொறுத்துச் சொல் என்று இரண்டு வரி சேர்த்து அனுப்பினாள். அந்த மென்பொருளைப் பராமரிக்கிற வெளிநாட்டார் அதைச் சோதித்து, அவள் பெயரோடு ஏற்றுக்கொண்டார்கள்.

வெளிநாட்டார் ஏற்றால் போதுமா? மதுரங்குளி ஏற்கவேண்டாமா? சந்தி நிறைந்திருந்த ஒரு சனிக்கிழமை, மர்ஸூக் மாஸ்டரையும் மடிக்கணினியையும் கூட்டிக்கொண்டு பஸ்தியானின் வாசலுக்கே போனாள். எல்லாரும் பார்க்கத் திருத்தத்தை ஏற்றி, அவனிடம் நீட்டினாள்.

"நீங்களே மூடித் திறவுங்கோ அண்ணன்."

மூடித் திறந்தான். வெளிச்சம் வந்தது. மறுபடி என்றாள். ஏழு தரம் மூடவைத்தாள். ஏழு தரமும் பளிச்சென்று வந்தது. அவனிடம் புதுத் திரை போட்டவர்கள் கூட்டத்தில் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். பஸ்தியான் வேர்த்துப்போய், உள்ளே வா தங்கச்சி, கதைப்போம் என்று கெஞ்சினான். அவள் அசையவில்லை. கடைசியில் நிலத்தைப் பார்த்தபடி, "சுஜீவாட கையில பிழையில்ல" என்றான்.

"ஓட்டோக்காரருக்குக் கேக்கேல்ல," என்றாள் அவள். "இன்னும் சத்தமாச் சொல்லுங்கோ."