பத்துமலைப் படியில் அணைந்த பத்துப் பல்புகள்

‘தைப்பூசம், 1986. மலைப்படியில் தம்பியின் காவடி விளக்குகள் அணைந்தன’ என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. பொருத்தியவர் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து வயர்மேன். காதில் எப்போதும் டெஸ்டர் செருகியிருப்பார். பத்துப் பல்புகளையும் ஒரே வரிசையில் கோத்து மோட்டார்சைக்கிள் பேட்டரியில் மாட்டியிருந்தார்.

“ஒன்னு போனா எல்லாம் போயிடுமே அண்ணே?” என்று முன்பே கேட்டேன்.

“ஒத்துமையா எரியட்டும் லா!”

ஒற்றுமையாகவே அணைந்தன. விளக்குக் காவடி என்று நேர்ந்துகொண்ட தம்பி, வெளிச்சமில்லாமல் ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டான். பின்னால் கூட்டம் நெருக்கியது. கூடவே ஏறி வந்த வயர்மேன் ஒரு பல்பைப் பிடுங்கி, அது இருந்த ஹோல்டரின் இரு வயர்களையும் சேர்த்து முறுக்கினார். மற்ற ஒன்பதும் முன்னைவிடப் பிரகாசமாக எரிந்தன.

“பாத்தீங்களா? எல்லாம் முருகன் செயல்!”

சுற்றி நின்றவர்கள் முருகனுக்கு வைத்திருந்த கும்பிடில் பாதியை அவருக்குப் போட்டார்கள். பிடுங்கிய பல்பு அவர் சட்டைப்பைக்குள் போனது. அது கெட்ட பல்பா, அவர் சரியாகத் திருகாத பல்பா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.