இளையவளின் இடது கை

மாவுக்கட்டு போட்ட கையை மடியில் ஒரு பொதியைப் போல வைத்துக்கொண்டு அக்கா மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. இடது கை. உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை வெள்ளைக் கட்டு. விரல்கள் மட்டும் லேசாக வீங்கி வெளியே தெரிந்தன. முந்தைய நாள் எடுத்த காட்சியில் அந்தக் கையில் பச்சைக் கண்ணாடி வளையல்கள் இருந்தன. என் முதல் எண்ணம் வளையல்களைப் பற்றியதாகத்தான் இருந்தது. அதுதான் என் வேலை.

எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, எடிட்டிங் கற்றுக்கொண்டு, திருவனந்தபுரத்தில் ஒரு மலையாளத் தொடரில் கண்டினியூட்டி பார்க்கச் சேர்ந்திருந்தேன். ஒரு காட்சியின் பாதியை இன்றும் மீதியை அடுத்த வாரமும் எடுப்பார்கள். சேலை, பொட்டு, காயம், சுவர்க் கடிகாரத்தின் முள் என எல்லாம் இரண்டிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். குறித்துவைத்து, பிசகினால் சொல்வது என் பொறுப்பு. நான் அக்கா என்று கூப்பிட்டவள் அந்தத் தொடரின் இளைய மருமகள். செட்டில் எல்லாருக்கும் அவள் இளையவள்தான். இளையவளுக்கு நேர்ந்தவற்றை இன்றும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். காதலித்தவன் கைவிட்டான். அவனுடைய அண்ணனுக்கே மனைவியானாள். கரு கலைந்தது. நகை திருடினாள் என்று போலீஸ் பிடித்தது. நினைவு தப்பி, நான்கு வாரம் கழித்துத் திரும்பியது. இத்தனைக்கும் அக்கா கிளிசரின் போட்டு அழுதாள். அவள் காரோட்டில் வாழ்க்கைப்பட்டவள், நான் பாறசாலைக்காரி. காலையும் மாலையும் ஒரே ரயில். மலையாளம் மட்டும் கேட்கும் அந்தப் படப்பிடிப்பு வீட்டில் நாங்கள் இருவர்தான் தமிழில் பேசிக்கொள்வோம்.

துணி துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்ததாக அக்கா சொன்னாள். இயக்குநர் கோபப்படவில்லை. கட்டை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு எழுத்தாளரை போனில் அழைத்தார். மதியச் சாப்பாடு வருவதற்குள் மாமியார் இளையவளை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட வேண்டும் என்று முடிவாகிவிட்டது. விழுவதை வேறொரு பெண் செய்தாள். மாலையில் ஆஸ்பத்திரிக் காட்சி. ஆறு வாரம் கட்டு இருக்க வேண்டும் என்று டாக்டராக நடித்தவர் சொன்னார். நான் குறித்துக்கொண்டேன்.

அது ஒளிபரப்பானதும் காரோட்டுப் பெண்கள் அக்காவைத் தேடி வரத் தொடங்கினார்கள். ஸ்டேஷனிலிருந்து ஊருக்குப் போகும் பஸ்ஸில் கட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். மாலையில் ஏத்தன் வாழைப்பழமும் முட்டையும் கொண்டுவந்து முற்றத்தில் உட்கார்ந்து தொடரின் மாமியாரை ஏசினார்கள். ஒருமுறை பஸ்ஸில் நானும் கூட இருந்தேன். "ஒனக்கு இன்னொரு கை உண்டும்லா பிள்ளே, அந்தக் கிழவிக்கச் செவிட்டுல ஒண்ணு குடுத்தா என்ன?" என்று ஒருத்தி கேட்டாள். அடுத்த சீட்டுக்காரி, "அவ குடுப்பா, டைரக்டர் விடணும்லா" என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்தாள்.

அக்காவின் கணவர் டெம்போ ஓட்டுபவர். அவரும் அந்தத் தொடரைப் பார்ப்பார். மாமியார் தள்ளிவிட்ட காட்சியில், இவளையெல்லாம் பிடித்து ஜெயிலில் போட வேண்டும் என்று சொன்னாராம். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி அக்கா அதைச் சொன்னாள். ரயில் அப்போது பாலராமபுரத்தில் நின்றிருந்தது.

"எனக்க கை ஒடிஞ்சதுக்கு ஊரு முழுக்க அழுதாச்சு மக்கா. ஏச்சு மட்டும் ஆளு மாறிப் போச்சு."

துவைக்கிற கல் இல்லை, அவர்தான் ஒடித்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கட்டு போட்டதிலிருந்து அவர் கை ஓங்கவில்லை என்று அக்கா சொன்னாள். தினமும் நாலு பெண்கள் வந்து கையைப் பார்த்துப்போகிற வீட்டில் ஓங்க முடியாதாம்.

ஆறு வாரம் முடிந்ததும் ஒரு மதியம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டை எடுத்தோம். கை மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடையதோ போல இருந்தது. செட்டுக்குத் திரும்பியதும் மேக்கப் அண்ணன் பொய்க்கட்டு ஒன்று செய்து மாட்டினார், மீதிக் காட்சிகளுக்காக. அதைக் கழற்றாமலே அக்கா வீட்டுக்குப் போனாள். அடுத்த வாரம் கட்டுப் பிரிக்கும் காட்சியை எடுக்கலாமா என்று இயக்குநர் என்னிடம் கேட்டார். டாக்டர் சொன்னது மூன்று மாதம், இப்போது பிரித்தால் பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றேன். என் குறிப்பில் ஆறு வாரம் என்றுதான் இருந்தது. யாரும் பழைய காட்சியைப் போட்டுப் பார்க்கவில்லை.

அந்த வாரங்களில் அக்கா தினமும் பையில் ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து எடிட்டிங் அறையில் என் அலமாரியில் வைத்தாள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ். ஆதார் அட்டை. இரண்டு சுடிதார். ஒரு ஸ்டீல் டம்ளர். நெய்யாற்றின்கரையில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதியில் ஒரு கட்டில் பார்த்திருந்தாள். கடைசியில் கட்டுப் பிரிக்கும் காட்சி எடுத்த அன்று, மாலை ரயில் நெய்யாற்றின்கரையில் நின்றதும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வாறேன் மக்கா" என்றாள். மற்ற நாட்களில் பாறசாலை ஸ்டேஷன் வாசலில் சொல்வது போலவே சொன்னாள். மீதி வழி நான் மட்டும் போனேன்.

மூன்றாம் நாள் அவள் கணவர் படப்பிடிப்பு வீட்டின் கேட்டுக்கு வந்து கத்தினார். அடுத்த நாளும் வந்தார். இரண்டு நாள் வேலை நின்றதும் தயாரிப்பாளர் அக்காவை நிறுத்திவிட்டார். இனி இளையவளாக இவர் நடிப்பார் என்று திரையின் கீழே ஒரு வரி ஓடியது. புதிதாக வந்த பெண்ணுக்கு இளையவளின் பழக்கங்களை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். தலை சாய்ப்பது, முந்தானை இழுப்பது, கோபத்தில் பேசாமல் இருப்பது. சீக்கிரம் கற்றுக்கொண்டாள்.

அக்கா இப்போது ஒரு ஸ்டுடியோவில் டப்பிங் பேசுகிறாள். நான் இன்னும் அதே தொடரில்தான். ஓணம் வாரத்துக்காக, மாமியார் இளையவளின் காலில் விழுவது போலவும் அவள் மன்னித்துக் கட்டிக்கொள்வது போலவும் ஒரு காட்சி எடுத்தோம். நன்றாக ஓடியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்க விடுதிக்குப் போனபோது பிறந்த ஊரான திருப்புறத்திலிருந்து அவள் அம்மாவும் வந்திருந்தார். காரோட்டுப் பெண்கள் இரண்டு பேர் அவர் வீடு தேடிப் போயிருக்கிறார்கள். கூடவே மருமகனும்.

அம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். "அவருக்கும் இப்ப புத்தி வந்தாச்சு. டிவியிலயே நீ மன்னிச்சாச்சு, பிறகும் வீட்டுக்கு வராம இருக்கது எதுக்குண்ணு எல்லாரும் கேக்குதாங்க மக்கா."

அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சுடிதாரை மடித்து முடித்து, மற்றவற்றின் மேல் வைத்தாள்.

"மன்னிச்சது புதுசா வந்த பிள்ளையாக்கும், அம்மா. நான் இல்ல."