ஏலியாவுக்க பாட்டு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டு, ஸ்ரீகுமாரி போனோடு முற்றத்துக்கு வந்துவிடுவார். வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. தென்னை மூட்டில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு எபிரேய மொழியில் பாடத் தொடங்குவார். காரோடு ஊரில் பக்கத்து வீட்டுக்காரர்களான எங்களுக்கு அந்த மெட்டு பழகிவிட்டது.

இஸ்ரேலில், லெபனான் எல்லையோரக் கிராமமொன்றில் ஏலியா என்ற முதியவரை ஆறு வருடம் பார்த்துக்கொண்டவர் இவர். பக்கவாதத்துக்குப் பிறகு ஏலியாவுக்குப் பேச்சு குழறிவிட்டது. ஆனால் ஓய்வுநாள் பிறக்கும் வெள்ளி மாலைகளில் வேண்டுதல் பாட்டு மட்டும் பிசகாமல் வரும்.

"தண்ணி வேணும்னு சொல்ல நாக்கு பொங்காது. பாட்டுன்னா மழை மாதிரியாக்கும்" என்பார் ஸ்ரீகுமாரி.

போர் மூண்டதும் ஊரையே காலி செய்தார்கள். ஏலியாவுக்கும் மகள் தாமாருக்கும் ஸ்ரீகுமாரிக்கும் ஏதோ ஒரு நகரத்து ஓட்டலில் அறை கிடைத்தது. அங்கே ஏலியா வாயே திறக்கவில்லை. தாமார் கெஞ்சிப் பார்த்தாள். சுவரைப் பார்த்தபடி இருந்தார். வாரங்கள் போயின. ஒரு வெள்ளிக்கிழமை ஸ்ரீகுமாரியே பாடத் தொடங்கினார்.

"முழுசா அர்த்தம் தெரியாது, கேட்டியளா. கேட்டுக் கேட்டு மனசில கெடந்தத எடுத்து விட்டேன். நான் தப்பா பாடினது அவருக்குப் பொறுக்கல்ல. மேசையில ஒரு அடி! பெறவு அவரே பாடினாரு. தாமாரு ஏங்கி ஏங்கிக் கரஞ்சா. நானும் கரஞ்சேன்."

மகள் அனகாவின் பிரசவத்துக்கு ஊர் வந்தவரைக் கணவர் பரமசிவன் திரும்ப விடவில்லை. "குண்டு விழுகிற எடத்துக்கு நீ இனி போவண்டாம்." அதனால் பாட்டு போனுக்கு மாறியது. அங்கே ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் போனைத் தொடமாட்டார்கள். அதற்கு முன்பே இருவரும் சேர்ந்து பாடி முடித்துவிடுவார்கள்.

போன வெள்ளிக்கிழமை முருங்கைக்கீரை கேட்டு நான் ஸ்ரீகுமாரி வீட்டுக்குப் போயிருந்தேன். பாட்டின் நடுவே போனில் சைரன் அலறியது. ஏலியாவின் குரல் நின்றுபோனது. தாமார் பதறி ஏதோ கத்தினாள்.

"ஓட்டல் வராந்தா கடைசில குண்டு தாங்குகிற ரூமு உண்டு. அங்க கொண்டு போணும். பயந்தா அவரு கால எடுக்க மாட்டாரு" என்று என்னிடம் சொன்ன ஸ்ரீகுமாரி, விட்ட இடத்திலிருந்து பாடினார். வேகத்தை மட்டும் குறைத்தார். ஒரு சொல்லுக்கு ஒரு காலடி. அந்தப் பக்கம் வாக்கர் தரையில் ஊன்றும் ஓசை கேட்டது. பிறகு நடுங்கிக்கொண்டு ஏலியாவின் குரலும் சேர்ந்தது.

ஸ்ரீகுமாரியும் முற்றத்தில் மெல்ல நடந்துகொண்டிருந்தார். ஒரு கையில் போன். மறு கை, யாருடைய முழங்கையையோ தாங்கியதுபோல் காற்றில் நின்றது. கனத்த கதவொன்றைச் சாத்தும் ஓசை போனில் கேட்டது. அதன் பிறகும் அந்தக் கையை அவர் இறக்கவில்லை.