நாலாவதிலிருந்து ஆரம்பி

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் தலையணை அக்காவிடம் மாட்டாமல் தப்ப முடியாது. ஈரப் போர்வையைச் சூட்டு உருளைக்குள் கொடுக்கிற பக்கம் அக்கா நிற்பாள். மறுபக்கம் வெந்து வருவதை வாங்கி மடிக்க ஒருத்தி வேண்டும். அந்த ஒருத்தி புதுசு என்றால் போச்சு. ஊர் பேர் விசாரிப்பதற்கு முன்னாலேயே அக்கா கேட்பாள், "கதை படிப்பியா?" பதிலுக்குக் காத்திருக்கவும் மாட்டாள்.

"ஒன்பது பாகம்டி. ஒவ்வொண்ணும் தலையணை மாதிரி மொத்தமா இருக்கும். மூணு ராஜ்ஜியம், பனிமலை, பேசுற கழுதை ஒண்ணு. ஆரம்பிச்சா விடமாட்ட. ஆனா ஒண்ணு, முதல்ல நாலாவதைப் படி."

"நாலாவதையா? தலையும் புரியாது, வாலும் புரியாதேக்கா!"

"புரியக்கூடாது. அதுக்குத்தானே சொல்றேன்!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பட்டப்பெயரும் அப்படி வந்து ஒட்டிக்கொண்டதுதான். சிரிக்கட்டுமே, அக்காவுக்கு என்ன வந்தது? அந்தக் கதையை எழுதினவர் யாரோ, அவர் நூறு வயசு நன்றாக இருக்கணும் என்று வாயாரச் சொல்லிவிட்டுத்தான் அவள் தினமும் உருளையைச் சூடேற்றுவாள். அவள் வாங்கின வரம் அவளுக்குத்தான் தெரியும்.

அந்தக் கதை கைக்கு வருவதற்கு முன்னால் அவள் பஸ் பலகை தவிர வேறெதையும் படித்தவள் இல்லை. கல்யாணமே காலம் தாழ்ந்துதான் நடந்தது. மாப்பிள்ளை எலக்ட்ரீஷியன், மனைவியைப் பறிகொடுத்தவர், அதிர்ந்து பேசாத மனிதர். பத்தாவது படிக்கிற மகள் ஒருத்தி. அந்தப் பெண் முகத்தைத் திருப்பினாளா, வெடுக்கென்று பேசினாளா என்றால், அதுவும் இல்லை. அப்படிப் பேசியிருந்தால்கூடத் தேவலை. "சாப்பிடறியாம்மா?" என்றால் "அப்புறம் சாப்பிடறேங்க." அதோடு சரி. சித்தி என்றோ வேறு எதுவோ சொல்லி ஒரு நாள் கூப்பிட்டதில்லை. பரீட்சை முடிந்ததும் அத்தை வீட்டுக்கே போய்விடுவதாகச் சொல்லிவிட்டாள். "அவ இஷ்டம்" என்று அப்பா ஸ்விட்சைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். நல்லா இருந்த ஸ்விட்ச்.

அக்கா தன்னையே கேட்டுக்கொண்டாள். தான் காலெடுத்து வைத்ததால் ஒரு பிள்ளை தன் வீட்டை விட்டுப் போவதா? அப்புறம் எந்த முகத்தோடு அங்கே உட்கார்ந்து சோறு தின்பது?

பெண்ணின் அறையில் அந்த ஒன்பதும் வரிசையாக நிற்கும். ஒரு நாள் தூசி தட்டும்போது மனசைத் திடப்படுத்திக்கொண்டு அக்கா கேட்டுவிட்டாள். "இதுல நான் எதைப் படிக்கலாம்?"

பெண் வரிசையில் விரலை ஓட்டினாள். ஒன்றை உருவி, பழுப்புத்தாளில் அட்டை போட்டுக் கொடுத்தாள். "இதுல ஆரம்பிங்க."

அவள் கையால் கொடுத்த முதல் பொருள். பஸ்ஸில் ஆசையோடு திறந்தால், கொட்டை எழுத்தில் 'நான்காம் பாகம்'! அடி கள்ளி! அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. திருப்பிக் கொடுத்தால் இந்தப் பேச்சும் அறுந்துபோகும். மூச்சுக்காட்டாமல் படிக்க ஆரம்பித்தாள்.

எடுத்த எடுப்பிலேயே ஒரு படைத்தலைவன் செத்துக் கிடக்கிறான். கோட்டையே கதறுகிறது. யார் அவன், என்ன செய்தான், ஒரு வார்த்தை இல்லை. எல்லாருக்கும் தெரிந்ததை யார் சொல்வார்கள்? விட்டேனா பார் என்று டீ நேரத்திலும் பஸ்ஸிலும் எழுத்துக்கூட்டி முட்டி மோதினாள். நீராவியில் ஊறின விரல் பட்டுப் பக்கமெல்லாம் சுருங்கிப்போனது.

ஒரு சாயங்காலம் சாப்பிடும்போது பெண்ணே வாயைத் திறந்தாள். உதட்டோரம் குறும்பு. "என்னங்க, கதை புரியுதா?"

"எங்க புரியுது?" என்றாள் அக்கா. "அந்தச் செத்தவருக்காக வீடே அழுவுது. நான் ஒருத்திதான் அவர் யாருன்னே தெரியாம நடுவுல வந்து நிக்கிறேன். அழவும் தெரியல, கேக்கவும் பயமா இருக்கு. யாராவது கூப்பிட்டு அவரைப் பத்தி நாலு வார்த்தை சொன்னா, நானும் சேர்ந்து அழுதிருப்பேன்."

சத்தியமாக அவள் புத்தகத்தைத்தான் சொன்னாள். ஆனால் பெண்ணின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அப்பா தலையைக் குனித்துக்கொண்டார். ஐயோ, என்னத்தைச் சொல்லித் தொலைச்சேன் என்று அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பெண் எழுந்து கை கழுவினாள். அறைக்குப் போய் முதல் பாகத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களை ஏமாத்திட்டேன். அது நாலாவது."

"தெரியும். முதல் நாளே பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன் படிச்சீங்க?"

"நீ குடுத்தியே!"

அவ்வளவுதான், அந்தப் பெண் பொலபொலவென்று அழுதுவிட்டாள். "இதை அம்மாவும் நானும் மாத்தி மாத்திப் படிப்போம். கழுதை பேசற இடம் வந்தா அம்மா மூக்கால பேசுவாங்க" என்று முதல் பக்கத்தைப் பிரித்தாள். "பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டிக் கேப்பாங்க, என்ன சத்தம்னு" என்றார் அப்பா. அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அக்கா அன்றைக்குத்தான் கேட்டாள். அப்புறம் மூவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள், தட்டுகள் காய்ந்துபோகிற வரைக்கும்.

அக்கா முதலிலிருந்து படித்தாள். ஒவ்வொரு பாகத்தோடும் அந்த அம்மாவைப் பற்றியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டாள். படைத்தலைவன் சாகிற இடம் வந்தபோது, கண்ணீரில் போர்வை தெரியாமல் உருளையில் விரலைச் சுட்டுக்கொண்டாள்.

பரீட்சை முடிந்தது. பெட்டி பரணிலிருந்து இறங்கியது. அக்கா அந்தப் பக்கமே திரும்பாமல் புத்தகத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டாள். ஆறாவதை முடித்து அலமாரியில் வைக்கப் போனாள். பெண் ஏழாவதை எடுத்து நீட்டினாள். முதுகு மடங்காத புதுப் புத்தகம்.

"ஆறாவதோட அம்மா போயிட்டாங்க. இதை நான் தொடவே இல்ல. நீங்க படிங்க, நான் கேக்கறேன். கழுதை வந்தா மட்டும் நான் படிப்பேன்."

அக்கா புத்தகத்தின் கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்தாள். "நான் படிக்கிற லட்சணத்துக்கு மூணு பாகமும் முடிய எத்தனை வருஷம் ஆகுமோ!"

"ஆகட்டும். அத்தைகிட்ட வரலைன்னு சொல்லிட்டேன்."

அக்கா முதல் வரியை ஆரம்பித்தாள். குரல் எழும்பவே இல்லை.

"கேக்கல. சத்தமா படிங்க, சித்தி."