ஆறு மணிக்கு மேல ஆரம்பி

1986 மே 18, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி முப்பத்தேழு நிமிடம். அக்னி நட்சத்திர வெயில். ஸ்ரீரங்கத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. அந்த நிமிடத்தில்தான் என் சித்தப்பா கடைசி வரியை அடித்து முடித்தார்.

பி.எஸ்ஸி. முடித்து இரண்டு வருஷமாக அவருக்கு வேலையில்லை. மெட்ராஸுக்குப் போய்க் கம்ப்யூட்டர் படிக்க ஆசைப்பட்டார். முசிறி வாழைக்காய் மண்டியில் கணக்கெழுதட்டும் என்பது அப்பாவின் தீர்மானம். கடைசியில் அப்பா ஒரு படி இறங்கி வந்தார். ஞாயிறு முடிவதற்குள் அந்த மெஷின் உருப்படியாக ஒரு காரியம் செய்து காட்டினால் மெட்ராஸ். இல்லாவிட்டால் திங்கட்கிழமை முசிறி.

பாலக்கரை நண்பர் ஒருவர், தன் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரையும் சின்ன டிவியையும் இரண்டு நாளைக்குக் கொடுத்திருந்தார். அதில் புரோகிராம் எதுவும் கிடையாது. பத்திரிகையில் அச்சாகியிருந்த வரிகளை நாமே அடித்து ஏற்ற வேண்டும். வீட்டு வரவு செலவை வகை பிரித்துக் கூட்டும் புரோகிராம், 326 வரி. அத்தை எழுத்து எழுத்தாக வாசித்தாள்.

"அக்கா, அது கமாவா புள்ளியா? கண்ணாடியைத் துடைச்சுண்டு பாரேன்."

"ரெண்டும் இல்லடா. ஈ பண்ணின காரியம்."

அடித்ததைக் கேசட்டில் பதிந்தால்தான் தங்கும். அதற்குள் கரண்ட் போனால் அத்தனையும் போய்விடும். சித்தப்பா டேப் ரெக்கார்டரை இழுத்தபோது அப்பா சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"ராகுகாலம் வந்துடுத்து. ஆறு மணிக்கு மேல ஆரம்பி."

"அண்ணா, கேசட்ல மட்டும் ஏத்திக்கறேனே. ஓட்டிப் பாக்கறதை அப்பறம் வெச்சுக்கலாம்."

"அதுவும் ஆரம்பம்தானேடா. ரெண்டு நாள் பொறுத்தவனுக்கு ஒண்ணரை மணி பொறுக்காதோ?"

சித்தப்பா அண்ணனை எதிர்த்துப் பேசியதில்லை. முழங்கால் மேல் கைகளை வைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஐந்து இருபத்திரண்டுக்கு மின்விசிறி நின்றது. திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. அத்தை பத்திரிகையை மூடினாள். ஆறரைக்கு நண்பர் வந்து இரண்டையும் எடுத்துப் போனார். அவருடைய அண்ணன் அன்றே துபாய்க்குத் திரும்புகிறாராம்.

எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மெட்ராஸ் என்றால் தீபாவளிக்குத்தான் வருவார். முசிறி என்றால் வாராவாரம் வருவார்.

மறுநாள் காலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில், ஏழு ஐம்பது பஸ்ஸில் சித்தப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். முந்தைய நாள் நடந்ததைப் பார்த்த சூட்டில் நான் காலண்டரை முழுக்கப் படித்துவிட்டு வந்திருந்தேன்.

"அப்பா, திங்கட்கிழமை ஏழரை ஒன்பது ராகுகாலமாச்சே. சித்தப்பா அடுத்த பஸ்ல போகட்டுமே?"

சித்தப்பா தலையை வெளியே நீட்டினார். "அண்ணா, குழந்தை கேக்கறான் பாருங்கோ," என்று சிரித்தார்.

"பஸ் நமக்காகக் காத்துண்டிருக்குமாடா?" என்றார் அப்பா, என்னைப் பார்த்து. சித்தப்பா பக்கம் அவர் திரும்பவில்லை. நான் கேட்காமலேயே எனக்கு ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தார்.

அப்பாவுக்கு இன்று என்ன இவ்வளவு தாராளம் என்று மட்டும்தான் நான் ஆச்சரியப்பட்டேன். குடித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது, கேள்வியும் மறந்துவிட்டது. அப்பாவுக்கு ஆன செலவு ஐம்பது பைசா.