மயில் இல்லாத கத்தி

எருமைக் கொம்பைக் காய்ச்சிய இரும்பு துளைக்கும்போது எழும் வாடை தலைமுடி தீய்வதைப் போலவே இருக்கும்; நாங்கள் கடல் கடந்து குடியேறிய கிள்ளான் ஊரில் எங்கள் பட்டறையிலிருந்து அது கிளம்பினால், பக்கத்து வீட்டுப் பொன்னம்மா அக்கா சமையற்கட்டிலிருந்தே, "ஆச்சாரி வீட்டுல இன்னிக்கு யாரு கொண்டையப் பொசுக்குறாங்க?" என்று குரல் கொடுப்பார். அப்பா இரும்பைத் தட்டிக் கத்தியாக்குவார்; அம்மா கொம்பைக் கண்ணாடிச் சில்லால் வழித்து, பித்தளைத் தகட்டில் வெட்டிய மயிலை அதில் பதித்துக் கைப்பிடியாக்குவார். மயில் வைத்த கத்தி சாமிக்கு மட்டுமே. எங்களுக்குச் சோறு போட்டவை ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுக் கத்திகளும் மண்வெட்டிகளுந்தாம். அந்த வேலையை எந்தப் பட்டறைக்குக் கொடுப்பது என்பதைத் தீர்மானித்தவர், தோட்டத்து ஆட்களையெல்லாம் மேய்த்துவந்த "கங்காணி".

கத்தியைக் கையோடு கை மாற்றினால் உறவு அறுந்துபோகும் என்பது எங்கள் பட்டறையின் நம்பிக்கை. ஆகவே அப்பா அதைத் தரையில் வைப்பார். வாங்குபவர் குனிந்து எடுத்துக்கொள்வார். கங்காணியும் தலைப்பாகை சரியாமல் பிடித்தபடி குனிவார்.

முப்பதுகளில், ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்த ஓர் ஆண்டில், காப்பார் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கருப்பன் என்பவர் வந்தார். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களைத் தனியே குடிவைத்திருந்த வரிசை வீடுகளான "கீழ் லயத்தில்" அவர் வீடு. பல காலம் தமது வண்டியை இழுத்துச் செத்த எருமையின் கொம்பைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"மேல் லயத்து முனியாண்டி சாமிக்குப் பண்ணுன அதே மயிலு வேணுங்க ஆச்சாரி. எங்க சாமிக்கும் கண்ணு இருக்குல்ல?" என்றார். அந்த நேரத்தில் வேறொருவர் குனிந்து தம் கத்தியை எடுப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். "இங்க மட்டுந்தாங்க எல்லாரும் குனியிறாங்க. எங்களுக்கு எங்க போனாலும் தரைதான்."

அப்பாவும் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். கைப்பிடியின் துளையில் அரக்கை உருக்கி ஊற்றி, கத்தியின் வாலை அதில் இறக்கி, மயிலும் பளபளத்த பிறகுதான் கங்காணி வந்து சேர்ந்தார்.

"கத்தி குடு, வேணாங்கல. மயிலு எதுக்கு அவனுங்களுக்கு? நாளைக்கு ரெண்டு சாமியும் ஒண்ணும்பானுங்க. அப்புறம் நம்ம தோட்டத்துச் சாமான் வேற பட்டறைக்குப் போவும், பாத்துக்க."

பதித்த மயிலைக் கொம்பை உடைக்காமல் பெயர்க்க முடியாது. "கொம்பு அவரோடதுல்ல?" என்றார் அம்மா. "வயிறு நம்மோடதாச்சே" என்று சொல்லிவிட்டு அப்பா சுத்தியலை எடுத்தார். ஒரே அடி. பிறகு சாதாரண மரக்கட்டை ஒன்றைச் செதுக்கிப் பொருத்தினார்.

சாமி திருவிழாவுக்கு முந்தின நாள் கருப்பன் வந்தபோது, அப்பா வழக்கம்போலக் கத்தியைத் தரையில் வைத்தார். அவர் குனியவில்லை.

"மயிலு பறந்துருச்சுங்களா ஆச்சாரி?"

"கொம்பு வெடிச்சிருச்சுப்பா" என்றார் அப்பா.

"வெடிக்கல. கங்காணி சொன்னாருன்னு ஒடைச்சோம்" என்றார் பின்னாலிருந்து அம்மா.

கருப்பன் கோபப்பட்டிருந்தால் எங்களுக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும். "கத்தி உங்க இரும்புங்க, நீங்களே வச்சிக்கங்க. கொம்பு என்னுது. அதக் குடுத்துருங்க" என்று மட்டும் சொல்லி, தரையில் விரிப்பதற்காகத் துண்டை உதறினார். சில்லுகளைப் பொறுக்கி வந்த அம்மா அதில் கொட்டவில்லை. கருப்பன் நிமிர்ந்து கையை நீட்டும்வரை நின்று, உள்ளங்கையில் வைத்தார். எங்கள் பட்டறையில் அவர் கையில் ஒரு பொருள் வைக்கப்பட்டது அதுவே முதல் முறை, வைக்கப்பட்டதோ உடைந்தது.

அந்த ஆண்டு கீழ் லயத்துச் சாமி பழைய வெட்டுக்கத்தியோடு நின்றதாகக் கேள்விப்பட்டோம். தோட்டத்து வேலை எங்களைவிட்டுப் போகவில்லை. அந்த வருமானத்தில்தான் நான் படித்துப் பட்டம் வாங்கினேன். அப்பா மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எத்தனையோ முறை கணக்கிட்டுப் பார்த்துவிட்டேன். நாங்கள் பட்டினி கிடந்திருப்போம் என்பதும் உறுதியில்லை, கருப்பனுக்கு விடிந்திருக்கும் என்பதும் உறுதியில்லை. இந்தக் கணக்கைப் போட்டுப்போட்டு அலுத்துவிட்டது.

இன்று அந்தத் தோட்டம் இல்லை, லயங்கள் இல்லை, கங்காணி என்ற சொல்லைக்கூட என் பேரப்பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. ஆனால் தமிழர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் கல்யாணப் பேச்சு எடுத்தால், இரண்டாவது வாய் காப்பிக்குள் "அவங்க எந்தப் பக்கம்?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. அந்தக் கத்தி என் சமையலறையில் இருக்கிறது. யாராவது கேட்டால் மேசைமேல் வைக்கிறேன்; எடுத்துக்கொள்கிறார்கள், யாரும் குனிய வேண்டியதில்லை. அதன் மரப்பிடி தேய்ந்து என் கைக்குப் பழகிவிட்டது. அது செய்யப்பட்டது என் கைக்காக அல்ல.