என் நிஞ்சா அரபி

ஷார்ஜாவில் நாங்கள் குடியிருந்த காலத்தில் நடந்தது இது. இரண்டாயிரத்து எட்டா, ஒன்பதா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மூத்த மகள் ஆறாம் வகுப்பு, சின்னவள் இரண்டாம் வகுப்பு, அது மட்டும் நினைவிருக்கிறது. என் வீட்டுக்காரர் ஒரு பாத்திரக் கடையில் சேல்ஸ்மேன். நான் ஒற்றை பெட்ரூம் ஃப்ளாட்டில் சமைப்பது, துவைப்பது, ஜன்னல் வழியாகப் பார்க்கிங்கை வேடிக்கை பார்ப்பது என்று இருந்தேன்.

அரபி சேனல் ஒன்றில் தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு நிஞ்சா கார்ட்டூன் வரும். ஜப்பான்காரர்கள் எடுத்ததை அரபியில் பேச வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்காகத்தான் போட்டுவிட்டேன். அவர்கள் ஒரே வாரத்தில் அலுத்துப்போய் இங்கிலீஷ் சேனலுக்குத் தாவிவிட்டார்கள். மாட்டிக்கொண்டது நான்.

எனக்கு அரபி தெரியாது. ஊரில் மதரஸாவில் ஓதியிருக்கிறேன். எழுத்துத் தெரியும், ஜபர் ஜேர் என்கிற உயிர்க்குறிகள் போட்டிருந்தால் தப்பில்லாமல் வாசிப்பேன், ஆனால் அர்த்தம் ஒன்றும் தெரியாது. அந்தக் கார்ட்டூனில் ஒவ்வொரு நாளும் கதையின் தலைப்பைப் பெரிய எழுத்தில் காட்டி, ஒருவர் கணீரென்று வாசிப்பார். அடுத்த அரை மணி நேரம் அந்தத் தலைப்புக்கு என்ன அர்த்தம் என்று நிஞ்சாக்களே ஓடியும் குதித்தும் அழுதும் காட்டிவிடுவார்கள். இதைவிட நல்ல வாத்தியார் எனக்கு வாய்த்ததில்லை. மகளுடைய பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் வார்த்தைகளை எழுதி, பக்கத்திலேயே தமிழில் அர்த்தம் எழுதி வைத்தேன். நோட்டு அரிசி டப்பாவுக்கு மேல் இருக்கும்.

முதலிலிருந்து கடைசிவரை பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. சும்மா இல்லை, நூற்றுக்கணக்கான எபிசோடு. அந்தச் சேனல்காரர்கள் பாதிக் கதை ஓடியதும் என்ன நினைப்பார்களோ, மறுநாள் முதல் எபிசோடைப் போட்டுவிடுவார்கள். பரமபதத்தில் பாம்பு கடித்த மாதிரி இருக்கும். இரண்டு தடவை கடிபட்டேன். இரண்டு தடவையும் முதலிலிருந்து பார்த்தேன். ஒரு விதத்தில் அதுவும் நல்லதுதான், முதல் தடவை புரியாதது இரண்டாம் தடவை புரிந்தது.

வீட்டில் இதற்கு மரியாதை இல்லை. கடைக்கு ஒன்றிலிருந்து நாலுவரை பிரேக். வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில்தான் என் நிஞ்சாக்கள் வருவார்கள். “சத்தத்தக் குறை” என்று பெட்ரூமிலிருந்து தினமும் குரல் வரும். மூத்தவளோ, தோழிகள் வீட்டுக்கு வந்தால் டிவியை அணைத்துவிடச் சொல்வாள். கார்ட்டூன் பார்க்கிற உம்மா என்று சிரிப்பார்களாம். எனக்குக் கோபம் வரும், ஆனாலும் அணைத்துவிடுவேன். நானே அதை ஒரு பைத்தியம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் என்னுடைய, பிள்ளைகளுடைய விசா புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு சிக்கல். குடும்பத்தைப் புதிதாகக் கூட்டி வருவதற்கு வேண்டிய சம்பள வரம்பை உயர்த்தியிருப்பதாகச் சொன்னார்கள். இவர் சம்பளம் அதைத் தொடாது. ஏற்கெனவே இருக்கிறவர்கள் புதுப்பித்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு தடவை கேன்சல் ஆகிவிட்டால் அவ்வளவுதான், நானும் பிள்ளைகளும் ஊரில், இவர் பேச்சிலர் ரூமில், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். என் வாப்பாவை நான் அப்படித்தான் பார்த்து வளர்ந்தேன். என் பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்று இருந்தேன்.

எனக்கு மெடிக்கல் டெஸ்ட் முடிந்த கையோடு டைப்பிங் சென்டருக்குப் போனோம். வளைகுடாவில் இருந்தவர்களுக்குத் தெரியும், அரசாங்கத்துக்குக் கொடுக்கிற எந்த விண்ணப்பத்தையும் அங்கேதான் அரபியில் அடித்து வாங்க வேண்டும். அடித்துக் கொடுப்பதைப் படிக்கிறவர்கள் யாருமில்லை. பேர் இங்கிலீஷில் சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவோம். எங்களுக்கு முன்னால் ஒரு மலையாளி, ஊருக்கே போய்விடப் போகிறவர், தன் குடும்பத்து விசாவைக் கேன்சல் செய்யப் பேப்பர் அடித்து வாங்கிப் போனார். அடுத்தது நாங்கள்.

டைப் அடிக்கிறவரும் மலையாளிதான். மூன்று பேப்பரை எடுத்து நீட்டி, “எல்லாம் ஓகே பாய், ஒப்பிட்டால் மதி” என்றார், கையெழுத்துப் போட்டால் போதும் என்று. வீட்டுக்காரர் கடையில் ஒரு மணி நேரம்தான் பர்மிஷன் சொல்லியிருந்தார். பேப்பரை என் கையில் திணித்துவிட்டுப் பேனா தேடினார்.

எங்கே அரபி எழுத்தைக் கண்டாலும் வாசித்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. சலூன் போர்டு, மோர்ப் பாக்கெட் எதையும் விடுவதில்லை. அப்படித்தான் பார்த்தேன். அலிஃப், லாம், கைன், அலிஃப், கடைசியில் ஹம்ஸா. ஜபர் ஜேர் இல்லை. “அல்” என்று தொடங்குகிற ஏதோ வார்த்தை என்று ஒரு நொடி விட்டுவிட்டேன். அப்புறம் கார்ட்டூனில் பார்த்த ஒரு தலைப்பு கண்ணுக்குள் வந்து நின்றது. இல்கா. பாதி மலை ஏறிய பிறகு நிஞ்சாக்களுக்கு உத்தரவு வரும், போன காரியம் ரத்து, திரும்பி வாருங்கள் என்று. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். இல்கா என்றால் ரத்து. அதற்கு அடுத்த வார்த்தை இகாமா. அது அங்கே எல்லோருக்கும் தெரியும், நம் விசாதான்.

பேப்பரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரரைத் தடுத்தேன். “மச்சான், கையெழுத்துப் போடாதீங்க. இதுல கேன்சல்னு இருக்கு.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“கார்ட்டூன்ல வந்துச்சு.”

அவர் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டாம். “கார்ட்டூனப் பாத்துட்டு கவர்மென்ட் பேப்பரப் படிக்கிறியா? குடு இங்க” என்று கை நீட்டினார். டைப் அடித்தவருக்கும் ரோஷம் வந்து, எத்தனை வருஷமாக இந்த வேலை பார்க்கிறார் என்று சொல்ல ஆரம்பித்தார். எனக்கே சந்தேகம் தட்டியது. ஆனாலும் பேப்பரைக் கொடுக்கவில்லை. பதினாலு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நாலு பேர் முன்னால் அவர் கேட்டு நான் கொடுக்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.

சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், வெள்ளைக் கந்தூரா அங்கியில் ஒரு அரபிப் பெரியவர் தன் முறைக்காகக் காத்திருந்தார். நேரே அவரிடம் போனேன். மரியாதையாகப் பேச எனக்குத் தெரிந்தது, நிஞ்சாக்கள் தங்கள் தலைவரிடம் பேசுகிற பேச்சு ஒன்றுதான். பேப்பரை நீட்டி, “அய்யுஹல் காயித், ஹல் ஹாதா இல்கா?” என்று கேட்டேன். தமிழில் சொன்னால், தளபதி அவர்களே, இது ரத்தா என்று அர்த்தம்.

பெரியவர் சிரித்துக்கொண்டே நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் சொன்னது செந்தமிழ் மாதிரி ஏட்டு அரபி. அங்கே வீட்டிலும் தெருவிலும் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள், அதுவும் புர்கா போட்ட ஒரு தமிழ்ப் பெண் பேசுவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று பேப்பரையும் படித்தார். சிரிப்பு நின்றுபோனது. “இல்கா” என்றார். மூன்றிலும் விரல் வைத்து மூன்று தடவை சொன்னார்.

டைப் அடித்தவர் எழுந்து நின்றுவிட்டார். முன்னால் வந்தவருக்கு அடித்த கேன்சல் ஃபாரத்திலேயே எங்கள் பேர்களை மாற்றி அடித்திருக்கிறார். வேண்டுமென்று செய்யவில்லை, அவசரத்தில் கவனிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே புதிதாக அடித்தார். இந்தத் தடவை மேலே தஜ்தீத், அதாவது புதுப்பித்தல், என்று இருக்கிறதா என்று நான் எழுத்துக்கூட்டிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் வீட்டுக்காரர் பேனாவைத் திறந்தார். பெரியவர் எங்கே படித்தாய் என்று கேட்டார். நிஞ்சா என்றேன். அவர் பேரப்பிள்ளைகளும் அதே நிஞ்சாதானாம். போகும்போது, “உத்தரவு, தளபதியே” என்கிற தோரணையில் அவர் எனக்கு சலாம் சொல்லிவிட்டுப் போனதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

டாக்சியில் வீட்டுக்காரர் அந்த மூன்று பேப்பரையும் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். மறுவாரமே கடையில் உள்ளவர்களுக்கு வந்த அரபிக் கடிதங்கள் ஒவ்வொன்றாக எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கின. எங்கள் பில்டிங்கில் எனக்கு நிஞ்சா இத்தா, அதாவது நிஞ்சா அக்கா, என்று பேரே வந்துவிட்டது. எனக்குப் புரியாதது பாதி இருக்கும், ஆனால் இல்கா என்ற வார்த்தை இருக்கிறதா என்று எல்லாவற்றிலும் முதலில் பார்த்துவிடுவேன்.

மூன்றாம் முறை பாம்பு கடிக்கவில்லை. ஒரு மத்தியானம் கடைசி எபிசோடு வந்தே விட்டது. சோற்றுத் தட்டைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன், வழக்கம்போலச் சத்தத்தைக் குறைக்க ரிமோட்டை எடுத்தேன். படுத்திருந்த வீட்டுக்காரர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “சத்தத்தக் கூட்டு. அவன் என்ன சொல்றான்னு சொல்லு” என்றார்.

சொன்னேன், ஒரு வரி விடாமல். அதற்குப் பிறகு வாழ்க்கையில் என்னென்னவோ பட்டங்களை என் பிள்ளைகள் வாங்கி வந்துவிட்டார்கள், ஆனால் வாப்பாவோடு ஒரே வீட்டில் இருந்து அவர்கள் படித்து முடித்தார்கள் என்றால், அதற்கு நான் வெட்கப்பட்டுக்கொண்டே பார்த்து முடித்த ஒரு கார்ட்டூனும் காரணம் என்று இன்றைக்கு யாரிடமும் தலை நிமிர்ந்து சொல்வேன்.